ஸ்பிண்டிலும் அக்காவின் குரலும்

எங்கள் அக்காவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆன பிறகுதான் எங்கள் வீடு முதன்முதலாக அமைதியாக இருந்தது. அதுவரைக்கும் அவள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி ராஜபாளையத்துக்கு எங்களைப் பார்க்க வந்தால், தெருமுனையில் பெட்டிக்கடைக்காரரிடம் அவள் நலம் விசாரிப்பது எங்கள் அடுப்படி வரைக்கும் கேட்கும். அம்மா உடனே இன்னொரு ஆழாக்கு அரிசி களைவாள். அக்கா பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வகுப்பு நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வருஷக்கணக்காகக் கத்தியதில் தொண்டைக்குள் கட்டி வந்துவிட்டது. இது நடந்தது தொண்ணூறுகளின் கடைசியில்.

மதுரையில் டாக்டர் கட்டியை எடுத்தார். கெட்ட கட்டி இல்லை என்று சொன்னதும் அம்மா ஆண்டாள் கோயிலுக்குப் போய் மாலை சாத்திவிட்டு வந்தாள். ஆனால் போன சத்தம் திரும்பி வரவில்லை. பாதி குரலும் பாதி காற்றுமாக, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிதான் பேச்சு வந்தது. கத்தினால் இதுவும் போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸ் தங்கமான மனுஷி. வீட்டுக்கே பழம் வாங்கிக்கொண்டு வந்தார். "ஜூன் மாசம் ஸ்கூல் திறக்கும்போது வாங்க டீச்சர். கடைசி பெஞ்சுல நானே உக்காந்து பாக்கேன். அங்க வரைக்கும் கேட்டா வகுப்ப நீங்களே வச்சுக்கிடுங்க. கேக்கலன்னா ஆபீஸ்ல ஒரு சீட்டு போட்டுத் தாரேன். சம்பளத்துக்கு ஒரு குறையும் வராது" என்றார். அக்கா தலையை ஆட்டினாள். அவர் போனதும் பழத்தை ஒரு ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, "சம்பளத்துக்காலே நான் அங்க போறேன்?" என்று என்னிடம் கேட்டாள். அந்தக் கேள்வியே எனக்குப் பாதிதான் கேட்டது. மீதியை அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அத்தான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். எதையும் உடனே செய்து முடிக்கிற ஆள். மறுநாளே எங்கிருந்தோ ஒரு மெகாபோன் கொண்டுவந்து அக்கா கையில் கொடுத்தார். தேர்தல் நேரத்தில் ஜீப்பில் நின்றுகொண்டு பிடிப்பார்களே, அது. அக்கா அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் என்ன ஓட்டா கேக்கப் போறேன்?" என்றாள். அவள் சொன்னதும் நியாயம்தான். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவே இருப்பது வெறும் தட்டி. மெகாபோனில் பேசினால் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து கணக்குப் போட வேண்டியதுதான்.

வேண்டியது ஒரே ஒரு வகுப்புக்குப் போதுமான சத்தம். சட்டைப்பித்தான் அளவுக்குக் கழுத்தருகே ஒரு மைக், இடுப்பில் சோப்புப்பெட்டி அளவில் ஒரு ஆம்ப்ளிஃபயர், அதிலேயே ஸ்பீக்கர். நான் அப்போது ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் சொல்லிக்கொண்டு, கூடவே எல்லா ரிப்பேரும் பார்த்துக்கொண்டிருந்தேன். சர்க்யூட் எனக்கு ஒரு பெரிய விஷயம் இல்லை. துளை போட்ட பொது போர்டில் ஒயரை இழுத்து இழுத்துப் பற்றவைத்து ஒன்று செய்தேன். மேஜைமேல் வைத்தால் அருமையாகப் பேசியது. அக்கா இடுப்பில் கட்டிக்கொண்டு நாலு எட்டு நடந்தாளோ இல்லையோ, உள்ளே ஒயர் விட்டுப்போய் ஒரேயடியாகக் கரகரவென்றது. நாள் பூராவும் நடந்துகொண்டே பாடம் நடத்துகிறவளுக்கு இது ஆகாது. செம்புத்தகட்டிலேயே பாதை வைத்த முறையான போர்டு வேண்டும்.

முறையான போர்டு என்றால் வேண்டாத செம்பை ரசாயனத்தில் கரைத்து எடுப்பதுதான் வழக்கம். அந்த வழி எங்கள் வீட்டில் ஏற்கெனவே அடைபட்டிருந்தது. ஒருமுறை நான் அடுப்படி மேடையில் அந்தக் கரைசலை வைத்திருந்தபோது, அம்மா அதை ஆறிப்போன காபி டிக்காஷன் என்று நினைத்துத் தொட்டியில் கொட்டிவிட்டாள். தொட்டி, தரை, அம்மாவின் வெள்ளைச் சேலை எல்லாம் துரு நிறத்துக்கு மாறின. நல்லவேளை, குடிக்கவில்லை. "இனிமே அந்த எழவு இந்த வீட்டுக்குள்ள வந்துச்சு, நான் வத்திராயிருப்புல எந்தம்பி வீட்டுக்குப் போயிருவேன்" என்றாள். அம்மா சொன்னால் செய்வாள்.

மிச்சம் இருந்தது மெஷின்தான். கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு காலேஜ் கண்காட்சியில் கம்ப்யூட்டர் சொல்படி தானே நகர்ந்து இரும்பை வெட்டுகிற பெரிய மெஷினைப் பார்த்ததிலிருந்து எனக்கும் அத்தானுக்கும் அந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. செத்துப்போன பிரின்டர்களின் மோட்டார், ஹார்டுவேர் கடையில் வாங்கிய மரை போட்ட கம்பி, சென்டரில் கழித்துப்போட்ட ஒரு கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் சேர்த்து மாடி அறையில் ஒன்றைக் கட்டி வைத்திருந்தோம். பேப்பரில் பேனாவை வைத்தால் அழகாகப் படம் போடும். பேனாவுக்குப் பதிலாக நுனி கூர்ந்த கார்பைடு பிட்டை, அதாவது உலோகத்தை வெட்டுகிற சின்ன முனையை, மாட்டிச் சுழலவிட்டால், செம்புத்தகட்டில் பாதைகளைச் சுற்றி வாய்க்கால் வெட்டினது போலக் கோடு கீறிவிடும். பாதை தனித்தனியாகப் பிரிந்துவிடும். ரசாயனமே வேண்டாம்.

பிட்டைச் சுழற்ற என்ன செய்வது என்று பேச்சு வந்தபோது அத்தான் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஏன் மாப்ளே, ராஜபாளையத்துல இருந்துக்கிட்டு இதக் கேக்கியே. எங்க ஸ்பிண்டில விடவா வேகமா ஒண்ணு சுத்தப் போவுது?" என்றார். எங்கள் ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். நூல் சுற்றும் ஸ்பிண்டில் ஆயிரக்கணக்கில் வரிசையாக நின்று சுற்றுகிற ஊர் இது. அத்தான் பழைய இரும்புக் கடையில் ஒன்றைத் தேடிப்பிடித்து எண்ணெய் போட்டுத் துடைத்து, பிறந்த பிள்ளையைத் தூக்கி வருகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். பழைய மிக்ஸி மோட்டாரிலிருந்து நாடா போட்டு அதை ஓட்டுவது என்று ஏற்பாடு. மிக்ஸி மோட்டாரிலேயே நேராகப் பிட்டை மாட்டினால் என்ன என்று கேட்டேன். "நாம என்ன சட்னியா அரைக்கப் போறோம்?" என்றார்.

மில்லில் ஸ்பிண்டில் நட்டமாக நின்று சுற்றும். இங்கே பிட் கீழே பார்க்க வேண்டும் என்பதால் தலைகீழாக மாட்டினோம். கழன்று விழாமல் வாஷர் போட்டாயிற்று. உள்ளே இருந்த எண்ணெய் மட்டும் சொட்டுச் சொட்டாக போர்டின்மேல் விழுந்தது. பேண்டேஜ் துணி நெய்கிற ஊரில் அதற்கா பஞ்சம், நான்கு சுற்றுச் சுற்றிக் கட்டினோம். தலையில் அடிபட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் மாதிரி அது கட்டோடு நின்றது.

முதல் பிட் செம்பைத் தொட்ட உடனேயே 'டிக்' என்றது. அவ்வளவுதான், நுனியைக் காணோம். ஆழம் கூடிப்போயிற்று என்றேன். ஆழத்தைக் குறைத்தோம். இரண்டாவது பிட் செத்த நேரம் ஓடிவிட்டு டிக். வேகம் கூடிப்போயிற்று என்றார் அத்தான். எறும்பு ஊர்கிற வேகத்துக்கு வந்தோம். மறுபடியும் டிக். அடியில் இருக்கும் பலகை மேடுபள்ளமாக இருக்கிறதோ என்று அதையும் மெஷினாலேயே இழைத்துச் சமமாக்கினோம். டிக். அந்தச் சத்தம் ரொம்பச் சின்னதுதான். ஆனால் அதைக் கேட்கும்போதெல்லாம் யாரையாவது அறையலாம் போல எனக்குக் கை பரபரத்தது. அத்தான் அக்காவின் புருஷன், அறைய முடியாது. சுவரை ஒரு குத்துக் குத்திவிட்டு விரல் வீங்கி உட்கார்ந்தேன். மீதியிருந்த பேண்டேஜ் எனக்கு உதவியது.

இப்படியே போய் ஒரே ஒரு பிட்தான் மிஞ்சியது. மதுரையில் பிட் வாங்கிய கடைக்குப் போன் போட்டால், அடுத்த சரக்கு வர ஜூன் பாதி ஆகிவிடும் என்றார்கள். பள்ளிக்கூடம் அதற்கு முன்னாலேயே திறந்துவிடும். அத்தான் அந்தக் கடைசிப் பிட்டைப் பஞ்சில் சுற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "காரணம் தெரியாம இத மாட்ட விட மாட்டேன் மாப்ளே" என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

பிட்டுக்குப் பதிலாகத் தையல் ஊசியை மாட்டிப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது. குத்துவதற்கு மெத்தென்று ஏதாவது வேண்டுமே, அம்மாவின் துணி சோப்பை எடுத்து வைத்தேன். மோட்டார் நின்றிருக்கும்போது ஊசியை இறக்கினால் ஊசித்துளைதான் விழுந்தது. மோட்டாரை ஓட்டிவிட்டு இறக்கினால் கடுகு நுழைகிற அளவுக்கு ஓட்டை. கடுகைக் கொண்டுவந்து போட்டே பார்த்தேன், உள்ளே போனது.

"ஒங்க ஸ்பிண்டில் ஆடுது அத்தான்" என்றேன்.

"ஒன் ஊசி வளைஞ்சிருக்கு" என்றார்.

ஊசியை மாற்றினேன். அதே கடுகு ஓட்டை. அத்தானுக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் வேலை பார்க்கிற மில்லையே குறை சொன்ன மாதிரி எடுத்துக்கொண்டார். "எலே, ஸ்பிண்டிலப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்? நூல் ஏற ஏற, அதச் சுத்துற பாபின் கட்டை ஒரு பக்கமாக் கனத்துப்போவும். அந்தக் கனத்தோட அம்புட்டு வேகத்துல இறுக்கிப் பிடிச்சா நூல் அறுந்துபோவும். அதுக்காகவே உள்ளுக்குள்ள ஸ்பிரிங் வச்சு லேசா ஆட விட்ருக்கான். தானே ஆடி, தானே நடுவத் தேடிக்கிடும். அதான் அதுல உள்ள சூட்சுமமே..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

நான் சோப்பைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"ஆட விட்ருக்கான்" என்று இன்னொரு தரம் மெதுவாகச் சொன்னார். பிறகு நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் அம்மா மாடியேறி வந்துவிட்டாள். வந்தவள் கண்ணில் சோப்புதான் பட்டது. "தேடு தேடுன்னு தேடுறேன், ரெண்டு எருமைகளும் இதக் குத்தி வெளயாண்டுட்டு இருக்கீகளா" என்று பிடுங்கிக்கொண்டு போனாள். மாப்பிள்ளை என்று அத்தானுக்குக் கொடுக்கிற மரியாதை அன்றைக்கு இல்லை. அவரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

நூலுக்கு நல்லது பிட்டுக்கு எமன். முடி மாதிரி மெல்லிய நுனி, அது துளி பக்கவாட்டில் ஆடினாலும் ஒடிந்துபோகும். மில்லே இல்லாத ஊர்க்காரன் என்றால் இதற்கு ஸ்பிண்டிலை எடுக்கவே மாட்டான். மில்லில் இருக்கிற அத்தானுக்கோ அது ஆடுவது குறையாகவே தெரியவில்லை. தெரிந்தபிறகும் அதைத் தூக்கியெறிய அவருக்கு மனசு வரவில்லை. உள்ளே இருந்த ஸ்பிரிங் குழலை உருவிவிட்டு, அந்த இடத்தில் இறுக்கமாகப் பித்தளை வளையம், புஷ் என்பார்கள், போட்டுத்தரும்படி லேத்துப் பட்டறையில் கேட்டோம். பட்டறைக்காரர் தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தார். பிறகு எங்களுக்காகத் தமிழில், "நல்லாருக்கிற ஸ்பிண்டிலக் கெடுக்கச் சொல்ற மொத ஆளு நீங்கதான்" என்றார். அத்தான் அதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எண்ணெயை நிறுத்திவிட்டுக் கிரீஸ் வைத்தோம், சொட்டுவதும் நின்றது. புதிய சோப்பில் ஊசியை இறக்கிப் பார்த்தோம். இந்தத் தடவை கடுகு உள்ளே போகவில்லை.

போர்டை வெட்டிய அன்றைக்கு அக்காவும் வந்திருந்தாள். மே மாதத்து மத்தியானம், மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. நான் திரையில் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தான் நாடாவில் கண்ணை வைத்திருந்தார். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிட் ஒரு பக்கத்தை முடித்து அடுத்த பக்கம் திரும்பியது, உடையவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் விசிலடிக்க வந்தது, அடித்தேன்.

திடீரென்று எல்லாம் நின்றது. அக்கா ஸ்விட்சை அணைத்துவிட்டு அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. தகட்டைக் காட்டினாள். வெயில் சூட்டில் அடியில் ஒட்டியிருந்த பசை இளகி, ஒரு மூலை எழும்பியிருந்தது. பிட் அந்த மூலைக்குப் போக இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. போயிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

"சொல்ல வேண்டியதுதானட்டி" என்றார் அத்தான், பதறிப்போய்.

"சொன்னேன்" என்றாள் அக்கா. பக்கத்தில் நின்றதால் இப்போது கேட்டது. "நிறுத்துங்க நிறுத்துங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். ஒருத்தரும் திரும்பல."

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். அழுகைக்கும் சத்தம் இல்லை. ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்த எங்களுக்கே கேட்காத குரலை வைத்துக்கொண்டு அவள் எப்படிப் பாடம் நடத்துவாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதுவரைக்கும் நான் மெஷினோடு விளையாடிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். அத்தான் துண்டால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார். கீழே போய் மோர் குடித்தோம்.

மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன்னால், நான்கு மூலையிலும் ஸ்குரூ முடுக்கி, புதுத் தகட்டில் முதலிலிருந்து ஆரம்பித்தோம். இந்தத் தடவை விசில் இல்லை. மூன்று பேரும் தகட்டைத்தான் பார்த்தோம். வேலை முடிந்து பிட் மேலே எழும்பி நின்றபோது, முதலில் அதன் நுனியைத்தான் பார்த்தேன். முழுசாக இருந்தது. அத்தான் அதைக் கழற்றித் திரும்பவும் பஞ்சில் சுற்றினார்.

பாகங்களைப் பற்றவைத்து, பெட்டியில் அடக்கி, அக்கா இடுப்பில் கட்டிவிட்டேன். முதலில் ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள்ளேயே திரும்பிப் போய் ஊளையிட்டது. ஸ்பீக்கரை முன்பக்கம் திருப்பி, சத்தத்தைக் கொஞ்சம் குறைத்ததும் அடங்கியது. அக்கா மாடிப்படியிலேயே நின்று, "அம்மா, காபி போடுங்க" என்றாள். அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அம்மா ஓடிவந்து படிக்கட்டில் கீழே நின்றாள். "இன்னொருக்காச் சொல்லு தாயி" என்றாள். அக்கா மறுபடி சொன்னாள். அன்றைக்கு அம்மா அவளை எத்தனை முறை காபி கேட்க வைத்தாள் என்று கணக்கே இல்லை. காபி மட்டும் வரவேயில்லை.

பள்ளிக்கூடம் திறந்த அன்று, பேட்டரி தீர்ந்தால் கொடுக்கலாம் என்று நானும் கூடப் போனேன். பெண்கள் பள்ளிக்கூடம், வாட்ச்மேன் என்னை வாசல் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார். அக்காவின் வகுப்பு ரோட்டுப் பக்கமாகத்தான் இருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்னபடியே உள்ளே போய் கடைசி பெஞ்சில் உட்காருவது தெரிந்தது. பிறகு அக்கா உள்ளே போனாள்.

காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. பஸ் போகிற சத்தம், யாரோ சைக்கிள் மணி அடிக்கிற சத்தம், அவ்வளவுதான். பெட்டி வேலை செய்யவில்லையோ, ஒயர் விட்டுப்போயிற்றோ, இந்த நேரம் பார்த்தா என்று எனக்கு வேர்த்துக்கொட்டியது. அப்போது உள்ளேயிருந்து ஒரு பிள்ளையின் குரல் வந்தது.

"உள்ளேன் டீச்சர்."

முன்பெஞ்சிலிருந்து வரிசையாக அட்டென்டன்ஸ் எடுக்கிறாள். அக்கா கூப்பிடுவது எனக்குக் கேட்கவில்லை. பிள்ளைகள் பதில் சொல்வதுதான் கேட்டது. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு பிள்ளை. பிறகு இன்னொன்று. முன்வரிசைக் குரல்கள் பக்கத்தில் கேட்டன. போகப்போகக் குரல்கள் வகுப்பின் பின்பக்கத்துக்கு நகர்ந்தன. ஒரு இடத்தில் ரொம்ப நேரம் பதிலே வரவில்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் எழுந்திருக்கப் போகிறார் என்றே நினைத்துவிட்டேன். ஜன்னலுக்குள் அவர் தலை அசையவில்லை.

"உள்ளேன் டீச்சர்" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு தூங்குமூஞ்சிக் குரல் வந்தது. வகுப்பே சிரித்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் எழுந்து, வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

வாட்ச்மேன் என்னைப் பார்த்துப் பயந்துவிட்டார். "என்ன தம்பி, ரோட்டுல நின்னுக்கிட்டு இப்படி அழுதிய? உள்ள யாரு இருக்கா?" என்றார்.

"எங்க அக்கா" என்றேன். "பாடம் நடத்துறா."